பதினேழாம் பேட்ச்

முள் நான்கு புள்ளி இரண்டில் நின்றது. மணி பத்து இருபது. மங்கையர்க்கரசி முள்ளைப் பார்க்காமல் இருக்க முயன்று, மேடையின் கம்பிவலைத் தரை வழியே கீழே பார்த்தாள். பதினைந்து அடி கீழே தண்ணீர்த் தொட்டி, அதன் ஓரத்தில் யாரோ கழற்றிப் போட்ட ரப்பர் செருப்பு, ஒற்றைச் செருப்பு, மறுபடியும் முள். கலக்கியின் மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டுகிற சாதாரண ஆம்பியர் மீட்டர்தான் அது. ஆனால் இந்த ரியாக்டருக்குள் வேறு எந்த வழியிலும் எட்டிப் பார்க்க முடியாது. பக்கவாட்டில் வைத்த கண்ணாடி முதல் பேட்ச்சிலேயே மங்கிப் போய்விட்டது. உள்ளே இருநூற்று முப்பத்தைந்து டிகிரி சூட்டில், காற்றை உறிஞ்சி எடுத்த வெறுமையில், பன்னிரண்டு கிலோ உருகல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு மாவைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையிலிருந்து எடுத்த வெள்ளை அமிலப் பொடியும், சர்க்கரை ஆலையின் மொலாசஸ் கழிவுப்பாகிலிருந்து வந்த கிளைக்கால் திரவமும் ஒன்றோடொன்று கை கோத்துச் செடிப் பிளாஸ்டிக்கின் சங்கிலியாகிக்கொண்டிருக்கின்றன. சங்கிலி நீண்டால் உருகல் கெட்டிப்படும், கலக்கி திணறும், மோட்டார் அதிகம் இழுக்கும், முள் ஏறும். நீளாவிட்டால் முள் நிற்கும். இது இருபத்தொன்றாவது பேட்ச். பதினெட்டும் பத்தொன்பதும் இருபதும் ஐந்து புள்ளி ஒன்று வரை ஏறி, அங்கேயே நின்று, பழுப்பேறி, இறக்கிய பிறகு அப்பளம் மாதிரி ஒடிந்தன. பதினேழு மட்டும் ஆறு புள்ளி எட்டு வரை போனது. பதினேழு ஏன் அப்படிப் போனது என்பது இந்தக் கம்பெனியின் பதினோரு பேரில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி இப்போது உள்ளங்கையை மேல்கோட்டில் துடைத்துக்கொண்டு முள்ளைப் பார்க்கிறாள்.

காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப் மேடைக்கு அடியில் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நாளாக அது ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறது. கழுவினியா, கழுவினியா, கழுவினியா. ஒரு இரும்புச் சாமானுக்கு வாய் முளைக்காது என்று அவள் தன்னைத்தானே அதட்டிப் பார்த்தாள். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். பஞ்சு வைத்தால் வார்த்தை இன்னும் தெளிவாகக் கேட்டது. வீட்டில் மிக்சி ஓடினாலும் அதுதான், பேருந்து தாராபுரம் சாலையில் கியர் மாற்றினாலும் அதுதான். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் பதினேழைப் பற்றிய ரிப்போர்ட் வந்துவிடும். வெளிநாட்டுச் சோதனைக்கூடம் செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருக்கிறது, இன்று செவ்வாய்க்கிழமை. வராமலும் போகலாம். அங்கே ஏதாவது விடுமுறையாக இருக்கலாம், மழை பெய்யலாம், எந்திரம் பழுதாகலாம், பார்சலை எவனாவது தொலைத்திருக்கலாம். தொலைத்திருந்தால் மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியிருப்பார்கள். கிடைத்தது என்று அல்லவா பதில் போட்டார்கள். கிடைத்துவிட்டது. எரித்திருப்பார்கள். எரித்த புகையைப் பிடித்து எண்ணியிருப்பார்கள். எண்ணி முடித்திருப்பார்கள். இந்நேரம் அந்த எண் எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது, முதலாளியின் கம்ப்யூட்டருக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முள் நான்கு புள்ளி மூன்று.

முதலாளி தீனதயாளன் அந்தச் சோதனையைப் பற்றிப் பேசுவதைக் கேட்கவேண்டும். வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, டீ வரவழைத்து, கையைக் காற்றில் ஆட்டி ஆட்டிச் சொல்வார். "செடி போன வருஷம் மூச்சு விட்டுச்சுங்ளா? அந்த மூச்சோட அடையாளம் அதோட கரிக்குள்ள இருக்குமுங்க. பெட்ரோல் செத்துக் கோடி வருஷமாச்சு, அதுல அந்த அடையாளம் துளிகூட மிச்சமிருக்காது. எண்ணிப் பார்த்தாப் போதும், எவ்வளவு செடி, எவ்வளவு பெட்ரோல்னு பிட்டுப் பிட்டு வெச்சுரும். நூத்துக்கு நூறு செடின்னு சொல்லிட்டு உள்ள எதையாச்சும் கலந்தா மாட்டிக்குவோம். பொய்யே சொல்ல முடியாதுங்க." போன மாதம் திருப்பூரிலிருந்து குழந்தைத் துணி ஏற்றுமதி செய்கிற அம்மா ஒருவர் வந்தபோதும் இதையே சொன்னார். பொய்யே சொல்ல முடியாதுங்க. பக்கத்தில் பதினேழை வெட்டி எடுத்த பிளாஸ்டிக் சிப்ஸைத் தட்டில் ஏந்திக்கொண்டு மங்கையர்க்கரசி நின்றாள். கற்கண்டு மாதிரி இருந்தது. அந்த அம்மா ஒரு கைப்பிடி அள்ளி விரல் வழியே விட்டுப் பார்த்து, "என்ற துணி போடற பையில 'முழுக்கச் செடியிலிருந்து'ன்னு அச்சடிச்சுக்கலாமா மேடம்?" என்று நேராக அவளைக் கேட்டார். முதலாளியை அல்ல, அவளை. அவள் தலையை ஆட்டினாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வாயால் சொல்லவில்லை என்பதை நாற்பது நாளாக ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருக்கிறாள், எங்காவது உதவும் என்கிற மாதிரி. எங்கே உதவும்? தலை ஆடியது எல்லோருக்கும் தெரிந்துதானே ஆடியது.

"நாலே முக்காலுங்க அம்மணி," என்றார் கிட்டுசாமி. மேடையின் மறுபக்கத்தில் சூட்டு எண்ணெய்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் ஒரு பாலியஸ்டர் நூல் ஆலையில் ரியாக்டர் ஓட்டியவர். இங்கே வந்ததிலிருந்து மங்கையர்க்கரசிக்கு வலது கை.

"நாலு புள்ளி ஏழுதான் அண்ணா. அரை மணி நேரம் முன்னாடியே எல்லாத்தையும் தூக்கி வெச்சுப் பேசாதீங்க."

"பொண்ணு பார்க்கப் போன மாப்பிள்ளையாட்ட மொறைச்சுப் பார்த்தா அது வெக்கப்பட்டு நிக்கும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க, ஏறும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் கன்னம் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டே இருந்தது. அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் இல்லை. தங்கை பேத்திக்குக் காதுகுத்து என்று காங்கேயம் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் நடந்திருக்காது. இதையும் அவள் எத்தனையோ தடவை நினைத்தாகிவிட்டது. ஒரு மனுஷன் காதுகுத்துக்குப் போனது தப்பா? இல்லை. அப்புறம் ஏன் அவர் மேல் ஏற்றப் பார்க்கிறாய்? ஏற்றவில்லை. ஏற்றினாய். அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ரியாக்டரின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தது அவள்தான். முந்தின நாள்வரை ஒரு நூல் கம்பெனிக்காகச் சாதாரண பாலியஸ்டர் காய்ச்சிக் கொடுத்திருந்தார்கள், பெட்ரோலில் இருந்து வருகிற பழைய பாலியஸ்டர். அதை இறக்கிய பிறகு கலக்கியின் தகட்டிலும் அடி வால்வின் கழுத்திலும் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி, ஒட்டிக்கொண்டிருக்கும். எப்போதும் இருப்பதுதான். அதற்குத்தான் கழுவல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். டிரம்மிலிருந்து கிளைக்காலை ஊற்றி ஆறு மணி நேரம் கொதிக்கவைத்தால் ஒட்டியதெல்லாம் கரைந்து வரும், வடித்து எடுத்துவிடலாம். ஆறு மணி நேரம். மறுநாள் காலை திருப்பூர் அம்மா வருகிறார். கழுவிவிட்டு ஆரம்பித்தால் சிப்ஸ் வெட்டி உலர்த்த நேரம் இல்லை. அவள் டார்ச்சை அணைத்தாள். அணைத்தால் வெள்ளை தெரியவில்லை. அப்படித்தான் நடந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை, யாரும் அவளை மிரட்டவில்லை, முதலாளி தொலைபேசியில்கூட அவசரப்படுத்தவில்லை. இருந்தால் எவ்வளவு இருக்கப் போகிறது, ஒரு கைப்பிடி, என்று நினைத்தாள். பிறகு பேட்ச் ஷீட்டை எடுத்து, 'ரியாக்டர் கழுவியது' என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டுக் கையெழுத்திட்டாள். இருபது வருஷமாக இடுகிற கையெழுத்து, அதே வளைவு, அதே புள்ளி. ஒரு நடுக்கமும் இல்லை. நடுங்கியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான்கு புள்ளி எட்டு. சர்க்கரை கருகுகிற வாசனை லேசாக வந்தது, அல்லது வந்த மாதிரி இருந்தது. வாசனை வந்தால் பழுப்பேறுகிறது என்று அர்த்தம். மூக்கை நம்ப முடியவில்லை. இப்போதெல்லாம் எங்கும் அந்த வாசனைதான், பாயசத்தில், பிள்ளைகளின் சோப்பில், தலையணையில். அம்மா நேற்று ஈரோட்டிலிருந்து போன் செய்தபோது வழக்கம்போல அதே கேள்வி. "ஏங்கண்ணு, சர்க்கரையில பை செஞ்சா எறும்பு மொய்க்காதா?" சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்குகிற அம்மாவுக்கு மகள் சர்க்கரையை இப்படி வீணாக்குவது பொறுக்கவில்லை. "மழை பேஞ்சாக் கரைஞ்சு போயிருமா?" கரையாதம்மா. "அப்பறம் அதுக்கும் கடைப் பைக்கும் என்ன வித்தியாசம்?" இது எதிலிருந்து வந்ததோ அதுதான் வித்தியாசம் அம்மா. எங்கே இருந்து வந்தது என்பது மட்டும்தான். சொல்லும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. எங்கே இருந்து வந்தது. பதினோரு வருஷம் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் உழைத்தாள். கெட்டியாக இருப்பதற்காக அல்ல, பளபளப்பதற்காக அல்ல, அதெல்லாம் பழைய பிளாஸ்டிக்கும் செய்யும். எங்கே இருந்து வந்தது என்பதற்காக. அந்த ஒன்றில்தான் கை வைத்திருக்கிறாள். காய்ச்சிய பாலில் தண்ணீர் கலந்தவளாவது பரவாயில்லை, தண்ணீர் தண்ணீர்தான். இவள் கலந்தது எதை ஒழிக்கக் கிளம்பினார்களோ அதை.

பதினேழு இறங்கிய மாலை மேடைக்குக் கீழே எல்லோரும் கூடி நின்றார்கள். அடி வால்வைத் திறந்ததும் கண்ணாடி நூல் மாதிரி தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியது. முதலாளி அதைக் கையில் சுற்றி இழுத்தார், வளைத்தார், கடித்தார். ஒடியவில்லை. "மேடம், ஒடியலைங்க மேடம்," என்று சின்னப் பையன் மாதிரி கத்தினார். அப்போதுதான் அவள் முதல் தடவையாகத் தன்னைக் கேட்டுக்கொண்டாள். ஏன் ஒடியவில்லை? பதினாறு பேட்ச் ஒடிந்தது, இது ஏன் ஒடியவில்லை? அந்த வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்த வெள்ளை உருகலில் கரைந்து, சங்கிலியோடு சங்கிலியாகக் கோத்து, வளைவதற்கு இடம் கொடுத்துவிட்டது. கைப்பிடி அல்ல, இறக்கியதை நிறுத்துப் பார்த்தபோது போட்டதைவிட ஒன்றரைக் கிலோ கூட இருந்தது. அவள்தான் நிறுத்தாள். எழுதவில்லை. அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது ஒரு கண்டுபிடிப்பாகக்கூட ஆகியிருக்கும், கொஞ்சம் வளைவு கொடுக்கிற செடிப் பொருள் எதையாவது தேடுவோம் என்று உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் முதலாளி கடித்த பல் அடையாளத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்குத் திருப்பூர் அம்மா வந்தார். அதற்கு மறுநாள் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தார்கள். மைசூர்பாகு தின்றுகொண்டிருக்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது? அதற்கு மறுநாள் ஞாயிறு. நாட்கள் அப்படித்தான் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தன. அடியில் இருப்பதை உருவ வேண்டுமானால் மேலே இருப்பதெல்லாம் சரியும்.

கல்லூரியில் செய்முறைத் தேர்வில் இப்படி ஒன்று நடந்தது. அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்தவேண்டும். அவள் ஒரு கணம் ஜன்னலைப் பார்த்துவிட்டாள். திரும்பினால் குடுவை முழுக்கப் பீட்ரூட் நிறம். நேரம் இல்லை. என்ன வரவேண்டும் என்று கணக்குப் போட்டு, பதினெட்டுப் புள்ளி நான்கு என்று எழுதிக் கொடுத்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிடிபட்டோம் என்று காது அடைத்தது. அவர் மற்ற பெண்களைக் கூப்பிட்டு, "பாருங்க, கை சுத்தம்னா இதுதான்," என்றார். பிடித்திருந்தால் அழுது முடித்திருப்பாள். பாராட்டியது முப்பது வருஷமாக உள்ளே கிடக்கிறது. இன்றும் யாராவது அவளை நல்லவிதமாகச் சொன்னால் முதலில் காது அடைக்கும்.

சாம்பிள் உறையை ஒட்டிய நாளும் அப்படித்தான். இடது கையில் பதினேழின் பொடி, வலது கையில் பதினெட்டின் பொடி. பதினெட்டை இரண்டு தடவை கழுவிய ரியாக்டரில் காய்ச்சியிருந்தார்கள், சுத்தமான செடி. அரைத்துவிட்டால் எது ஒடியும் எது ஒடியாது என்று யார் கண்டது, இரண்டும் வெள்ளை மாவு. பதினெட்டைப் போட்டு 'பதினேழு' என்று எழுதியிருந்தால் நூற்றுக்கு நூறு வந்திருக்கும், இந்தச் செவ்வாய்க்கிழமையே இருந்திருக்காது. அறையில் யாரும் இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, பொடி பறக்கக்கூடாதே என்று, எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. கடைசியில் பதினேழையே போட்டு ஒட்டினாள். ஏன்? நேர்மையா? நேர்மைக்காரிக்கு வலது கையில் என்ன வேலை? பிடித்துக்கொள்ளட்டும் என்றா? தன் வாயால் சொல்லத் துணிவில்லாமல், ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு எந்திரம் சொல்லட்டும் என்று அனுப்பிவைத்தாளா? அந்தக் கேள்வியில் வந்து சிந்தனை முட்டி நிற்கும், ஒவ்வொரு தடவையும், முள் ஐந்து புள்ளி ஒன்றில் நிற்கிற மாதிரி. முள்.

முள் ஐந்து புள்ளி ஒன்றில் இருந்தது. பத்து ஐம்பத்தைந்து. இங்கேதான் நிற்கும். பதினெட்டு இங்கே முக்கால் மணி நேரம் நின்றது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது நிற்கும், வாசனை வரும், பழுப்பேறும், முதலாளி "பரவாயில்லைங்க மேடம், பதினேழைச் செஞ்ச கைதானே" என்பார், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். முள் ஐந்து புள்ளி இரண்டுக்கு வந்தது. அவள் கண்ணைக் கசக்கினாள். ஐந்து புள்ளி மூன்று. மீட்டரை நகத்தால் தட்டினாள். ஐந்து புள்ளி மூன்று, நிற்காமல், ஆடாமல், ஐந்து புள்ளி நான்கு. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மார்புக்குள் ஏதோ துள்ளியது. வந்துவிட்டது. சுத்தமான செடியிலேயே வந்துவிட்டது, அப்படியானால் பதினேழுக்கும் அந்த வெள்ளைக்கும் சம்பந்தமே இல்லை, நாற்பது நாள் வெறும் பயம், அவள் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. அந்த நொடி முடிந்தது. ஏன் ஏறுகிறது? நேற்றிலிருந்து எதுவும் மாறவில்லை. அதே அமிலப் பொடி, அதே மூட்டை. அதே கிளைக்கால், அதே சூடு. நேற்று அவளே நின்று கழுவினாள், காலையில் டார்ச் அடித்துப் பார்த்தாள், உள்ளே எவர்சில்வர் தட்டு மாதிரி முகம் தெரிந்தது. பிறகு முதலாளி கீழே கூப்பிட்டார், போனாள், பத்து நிமிஷம். திரும்பி வந்தபோது பொடியைக் கொட்டி மூடியைப் பூட்டியிருந்தது. ஐந்து புள்ளி ஆறு. பதினேழு ஏறிய அதே வேகம். அவளுக்கு அந்த வேகம் மனப்பாடம், கனவில் வருகிற வேகம். காதுக்குள் பம்பின் சத்தம் விட்டுப்போயிற்று. மெதுவாகத் திரும்பினாள். கிட்டுசாமி முள்ளைப் பார்க்கவில்லை. இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஏறத் தொடங்கியதும் பார்ப்பதை விட்டுவிட்டு, பழந்துணியால் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த ஸ்பேனர்.

"கிட்டண்ணா."

"சொல்லுங்க அம்மணி."

"என்ன போட்டீங்க?"

"போட்டதெல்லாம் ஷீட்டுல இருக்குதுங்களே."

"ஷீட்டுல இல்லாதது."

அவர் ஸ்பேனரை ஆணியில் மாட்டினார். அது ஆடி நிற்கும்வரை அதையே பார்த்தார். "ஒன்றரைக் கிலோங்க. நூல் கம்பெனிக்காரன் சாக்குல மிச்சம் கெடந்துது, பழைய சிப்ஸ். பதினேழுல நீங்க விட்டு வெச்ச அளவுக்குத்தான். ஒரு பொட்டு சேத்தி இருக்காது."

காலுக்குக் கீழே கம்பிவலை. அதற்குக் கீழே பதினைந்து அடி. இவ்வளவு நாள் இந்தத் தரை தன்னைத் தாங்கும் என்று எதை வைத்து நம்பினாள்? "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காதுகுத்துக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே தெரியுமுங்க. கழுவற டிரம்முல குச்சியை விட்டு ஆழம் பார்க்கறது என்ற பழக்கம். நான் போகையில எவ்வளவு இருந்துதோ அவ்வளவே இருந்துது. கழுவியாச்சுன்னு ஷீட்டுல சரி போட்டிருக்குது, டிரம்முல ஒரு விரக்கடை குறையலை. எறக்கின மூட்டையையும் நிறுத்தேனுங்க, போட்டதைவிட ஒன்றரைக் கிலோ சேத்தி இருந்துது."

"ஏண்ணா என்கிட்டக் கேட்கலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க." பழந்துணியை நான்காக மடித்தார். "சொல்லலை. சரி, நம்ம சொல்லக் கூடாதுன்னு விட்டுட்டேன். மூணு பேட்ச்சு ஒடஞ்சுது. நீங்க சோத்துப் போசியைத் தொறக்கறதும் மூடறதுமா இருக்கறீங்க, சோறு எறங்கறதில்லை. இதையும் ஒடைய விட்டா நீங்க விழுந்துருவீங்கன்னு தோணுச்சு. அதாங்க."

நாற்பது நாளாக அவள் பயந்தது தன்னந்தனியாக என்று நினைத்திருந்தாள். அதில் ஒரு வசதி இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. தனக்குள் பூட்டி வைத்திருக்கிற ஒன்று என்கிற வசதி. அது பூட்டுக்குள் இல்லை. முதல் நாளே வெளியே வந்து, இந்த மனுஷனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவரோடு டீ குடித்து, இன்று காலை அவர் கையைப் பிடித்து மூட்டையைத் தூக்க வைத்திருக்கிறது. முப்பது வருஷம் ஒரு கிராம் கூடக் குறைய நிறுக்காதவர். வேலைக்குச் சேர்ந்தபோது, பொடி நிறுக்கும்முன் தராசு மட்டமாக இருக்கிறதா என்று குண்டூசி வைத்துப் பார்த்தவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவள் சோறு தின்னாதது போதுமானதாக இருந்திருக்கிறது. இனி இருபத்திரண்டுக்கு யார் போடுவார்கள்? இருபத்துமூன்றுக்கு? திருப்பூரில் பை அச்சாகும், குழந்தைச் சட்டைகள் அதற்குள் போகும், எழுத்து பச்சை மையில் இருக்கும், ஒவ்வொரு பைக்கும் கிட்டுசாமி காலையில் பத்து நிமிஷம் முன்னதாக வந்து சாக்கை அவிழ்க்க வேண்டும். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் முதுகுத்தண்டில் ஊர்ந்தது. ஆறு புள்ளி ஒன்று.

சுவரில் இருந்த போன் அடித்தது. மேடைக்கும் கீழே முதலாளி அறைக்கும் மட்டும் உள்ள போன். அவள் நகரவில்லை. மூன்றாவது மணிக்குக் கிட்டுசாமி அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஐந்தாவது மணிக்கு அவள் எடுத்தாள்.

"மேடம், ரிப்போர்ட் வந்துருச்சுங்க." தீனதயாளனின் குரலில் பதற்றம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "எண்பத்தொம்போதாம். நூத்துக்கு எண்பத்தொம்போதுதான் செடியாம், மிச்சம் பெட்ரோலாம். காமெடி பண்றானுங்க. எவனோ ஒருத்தன் நம்ம சாம்பிளை வேற எதோடயோ கலந்துட்டான். நான் அப்பவே காரசாரமா எழுதிட்டேன். எங்க மேடம் கழுவாம ஒரு பேட்ச்சும் ஏத்தமாட்டாங்க, ஷீட்டுல கையெழுத்து இருக்குது, வேணும்னா நகல் அனுப்பறேன்னு. இருபத்தொண்ணு எப்படிப் போகுது? அதுல இருந்து ஒரு சாம்பிள் குடுங்க, திருப்பி அனுப்பி அவங்க மூஞ்சியில வீசலாம்."

காது அடைத்தது. அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சரிங்க சார் என்று சொன்னால் போதும். இரண்டு வார்த்தை. அன்றைக்கு வலது கையில் இருந்த பதினெட்டின் பொடி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதில் 'இருபத்தொன்று' என்று எழுதினால் நூறு வரும். அவர்கள் எந்திரத்தின் மேல் பழி விழும், எந்திரத்துக்கு வீடு வாசல் கிடையாது, பிள்ளை குட்டி கிடையாது. சரிங்க சார். நாக்கு அதற்காக மேலே எழும்பியது. எழும்பிய நாக்கை அவள் பல்லால் பிடித்துக்கொண்டாள், உண்மையிலேயே, வலிக்கிற அளவுக்கு.

"மேடம்? லைன்ல இருக்கீங்ளா?"

"அவங்க எந்திரத்துல தப்பு இல்லைங்க சார்."

"என்ன?"

"பதினேழுக்கு நான் ரியாக்டரைக் கழுவலை. பழைய பாலியஸ்டர் உள்ள ஒட்டியிருந்துச்சு. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் மூடினேன். கழுவினதாக் கையெழுத்துப் போட்டேன்."

போனில் அவர் அறையின் மின்விசிறி சுற்றுவது கேட்டது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறாள். இறங்கவில்லை.

"ஒன்றரைக் கிலோ இருக்குமுங்க," என்றாள், யாரும் கேட்காமலே.

"பதினேழு மட்டும்தானுங்களே?" என்றார் அவர் கடைசியில். குரல் தணிந்திருந்தது. அதில் கொஞ்சம் கெஞ்சல்கூட இருந்தது. மட்டும்தானே என்று சொல்லிவிடு, ஒன்றை மறந்துவிடலாம் என்பது மாதிரி.

அவள் கிட்டுசாமியைப் பார்த்தாள். அவருக்கு மறுமுனை கேட்கவில்லை, ஆனால் என்ன கேட்கப்பட்டது என்று புரிந்துவிட்டது. அவர் கையை நீட்டினார், போனைக் கொடுங்கள் என்று. எண்ணெய்க் கறுப்பு ஏறிய ரேகை தெரிந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் அதுவரை வராத ஒரு பயம் வந்தது, இந்தக் கை நாளைக்கு எங்கே போய் வேலை கேட்கும் என்று. கொடுக்கவும் முடியவில்லை. இல்லை என்று பொய் சொல்லவும் முடியவில்லை. உண்மைக்குள் இப்படி ஒரு முட்டுச்சந்து இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"இல்லைங்க சார். இப்ப ஓடிட்டு இருக்கறதுலயும் இருக்குது."

"யாரு போட்டா?"

"என் கையெழுத்துல ஓடற பேட்ச்சுங்க."

"நான் அதைக் கேக்கலை."

"தெரியுமுங்க சார். நான் சொல்லக்கூடியது அதுதான்."

போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அவளும் வைத்தாள். "என்னைச் சொல்லியிருக்கலாமுங்க அம்மணி," என்றார் கிட்டுசாமி. "எனக்கு ரெண்டு வருஷந்தான் பாக்கி." கீழே கதவு திறந்தது. இரும்புப் படியில் காலடி ஏறியது. இருபத்திரண்டு படி. தீனதயாளனுக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவார், நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். நின்றார். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று. என்ன கேட்பார்? ஏன் என்று கேட்டால் டார்ச்சை அணைத்தேன் என்று சொல்வதா, அது ஒரு பதிலா? கத்துவாரா? கத்தமாட்டார். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. கத்தினால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். பதினைந்து. பதினாறு. ஓடிப்போகலாம் என்று உடம்பு சொன்னது, ஆனால் மேடைக்கு ஒரே படிக்கட்டுதான், அதில் அவர் வந்துகொண்டிருக்கிறார்.

தலை தெரிந்தது, பிறகு நனைந்த சட்டைக் கழுத்து, பிறகு கம்பியைப் பிடித்த கை. மேடைக்கு வந்து நின்று மூச்சு வாங்கினார். பழக்கம் அவரை முந்திக்கொண்டது. அவளைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கண் மீட்டருக்குப் போயிற்று. முள் ஆறு புள்ளி எட்டில் இருந்தது. என்ன கேள்விப்பட்டு ஏறி வந்தோம் என்பது ஒரு கணம் மறந்துபோக, அவர் முகம் அப்படியே மலர்ந்தது. மங்கையர்க்கரசி கண்ணை அகற்றாமல், அந்த முகம் அணைந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.